லாபம் தந்ததையும் விட்டார்கள்: மெக்டொனால்ட் சகோதரர்களின் 1948 – ஒரு நிகழ்வு ஆய்வு

1948 இலையுதிர் காலத்தில், கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓர் உணவகத்தை அதன் முதலாளிகளே இழுத்து மூடினார்கள். நஷ்டம் இல்லை, கடன்காரர் தொல்லையும் இல்லை. ஆண்டு விற்பனை சுமார் 2 லட்சம் டாலர். அண்ணனும் தம்பியும் பங்கிட்டுக்கொண்ட லாபம் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 50,000 டாலர். வார இறுதியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காத கடை அது. அதை மூன்று மாதம் பூட்டிவைத்து, வேலை பார்த்த 20 பரிமாறும் பெண்களையும் அனுப்பிவிட்டு, 25 வகை மெனுவை 9 ஆக்கித் திரும்பத் திறந்தார்கள்.

அண்ணன் மாரிஸ் மெக்டொனால்ட், எல்லோருக்கும் ‘மேக்’. தம்பி ரிச்சர்ட், ‘டிக்’. அந்தக் குடும்பப் பெயர் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு மாபெரும் நிறுவனத்தின் பெயர். இந்த ஆய்வு அந்த நிறுவனத்தைப் பற்றியது அல்ல. ஒரே ஒரு கடை, இரண்டு முதலாளிகள், ஆறேழு ஆண்டுகள் – இவ்வளவுதான் இதன் எல்லை. சிறு தொழில் செய்கிறவர் பார்க்க வேண்டியது அந்தக் கடைக்குள்ளேயே இருக்கிறது.

மூடுவதற்கு முன்னால்

சகோதரர்கள் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டரில் பிறந்தவர்கள். பிழைப்புத் தேடி மேற்கே வந்து ஹாலிவுட் ஸ்டுடியோக்களில் செட் சாமான் தூக்கினார்கள், ஒரு சின்னத் திரையரங்கு நடத்திப் பார்த்தார்கள், அது கைகொடுக்கவில்லை. 1937-இல் மொன்ரோவியாவில் அவர்கள் குடும்பம் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டது. 1940-இல் சான் பெர்னார்டினோவுக்கு வந்து எண்கோண வடிவச் சிறு கட்டடத்தில் டிரைவ்-இன் உணவகம் தொடங்கினார்கள்.

டிரைவ்-இன் என்றால் வாடிக்கையாளர் காரை விட்டு இறங்க மாட்டார். ‘கார்ஹாப்’ என்று அழைக்கப்பட்ட பெண்கள் காருக்கே வந்து ஆர்டர் எடுத்து, தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்றைய தெற்குக் கலிபோர்னியாவில் இதுதான் வெற்றிகரமான பாணி. கடையின் பெயர்ப் பலகையில் பெரிதாக இருந்தது பார்பிக்யூ. நின்று நிதானமாக வாட்டிய மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, விலா எலும்பு வகைகள்.

போர் முடிந்த பிறகு சில சங்கடங்கள் மெல்லத் தலைகாட்டின. பக்கத்தில் இதே மாதிரிக் கடைகள் முளைத்தன. சமையல்காரர்களும் கார்ஹாப்களும் கொஞ்சம் கூடுதல் கூலி கிடைத்தால் அங்கே போய்விடுவார்கள். தட்டு, கண்ணாடி டம்ளர், முள்கரண்டி எல்லாம் உடைந்தன அல்லது காணாமல் போயின. ஓயாமல் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. கார் நிறுத்துமிடத்தை இளவட்டங்கள் பிடித்துக்கொண்டார்கள். ஒரு கோக் வாங்கிக்கொண்டு மணிக்கணக்கில் அரட்டை. குடும்பத்தோடு வருகிறவர்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

இவற்றில் எதுவும் தனியாகக் கடையைக் கவிழ்க்காது. அதனால்தான் பெரும்பாலான முதலாளிகள் இந்த மாதிரி விஷயங்களை ‘தொழில்னா இப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். கல்லாவில் பணம் விழுந்துகொண்டிருக்கும்போது எரிச்சலைக் கணக்கில் எழுத யாருக்கும் தோன்றுவதில்லை.

சகோதரர்கள் செய்த முதல் உருப்படியான காரியம், பழைய பில்களை எடுத்துப் பார்த்தது. விற்பனையில் சுமார் 80 சதவீதம் ஹாம்பர்கர்! பலகையில் பெரிதாக எழுதியிருந்தது ஒன்று, கல்லாவை நிரப்பியது வேறொன்று. பார்பிக்யூவை எவ்வளவு தூக்கிப் பிடித்தாலும் ஹாம்பர்கர்தான் மேலும் மேலும் விற்றது என்று டிக் பின்னாளில் சொன்னார்.

ஒரு நூலை இழுத்தால்

இந்த 80 சதவீதத்தைப் பார்த்தவுடன் நாம் என்ன செய்வோம்? விற்காத ஐந்தாறு ஐட்டத்தை மெனுவிலிருந்து தூக்குவோம். அப்புறம் ஒரு மாதம் நிம்மதியாக இருந்துவிட்டு, யாராவது கேட்டார்கள் என்று இரண்டைத் திரும்பச் சேர்ப்போம். சகோதரர்கள் செய்தது அது இல்லை. பழைய துணியில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் எது எதோடு பின்னியிருக்கிறது என்று தெரிவதுபோல, அவர்கள் கடையில் ஒன்றைத் தொட்டபோது மற்றதெல்லாம் அசைந்தது.

விலா எலும்பு வறுவலைக் கையில் பொட்டலமாகக் கொடுக்க முடியாது. அதற்குத் தட்டு, கத்தி, முள்கரண்டி வேண்டும். தட்டு இருந்தால் கழுவ ஆள் வேண்டும், கழுவ இடம் வேண்டும், உடைந்தால் மாற்ற வேண்டும். தட்டைக் காருக்குக் கொண்டுபோகவும் சாப்பிட்டு முடித்ததும் திரும்ப எடுத்துவரவும் கார்ஹாப் வேண்டும். கார்ஹாப் பெண்கள் இருப்பதால் இளைஞர்கள் வந்து நிற்கிறார்கள். இளைஞர்கள் நிற்பதால் குடும்பங்கள் வருவதில்லை. விற்பனையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு பிரிவு, முழுக் கடையின் அமைப்பையும் தன் வசதிக்கு வளைத்து வைத்திருந்தது.

பார்பிக்யூ தனியாகப் பார்த்தால் நஷ்டம் தரவில்லை. வரவு செலவுக் கணக்கில் அதன் வரியைப் படித்தால் லாபம் என்றே இருக்கும். அது மற்ற எல்லாவற்றையும் என்ன செய்ய வைத்தது என்பதற்குத்தான் எந்த ஏட்டிலும் வரி இல்லை. ஒரு வேலையை விடலாமா வேண்டாமா என்று பார்க்கும்போது ‘இது எவ்வளவு தருகிறது?’ என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். ‘இது இருப்பதால் வேறு எதெல்லாம் இருக்க வேண்டியிருக்கிறது?’ என்ற கேள்வி வரும்போதுதான் உண்மையான செலவு வெளியே வருகிறது.

இதனால்தான் அரைகுறையாக விடுவது அவர்களுக்கு ஒத்துவந்திருக்காது. கார்ஹாப்களை மட்டும் நிறுத்தியிருந்தால் தட்டுகள் காரிலேயே போயிருக்கும். தட்டுகளை மட்டும் நிறுத்தியிருந்தால் பாதி மெனுவைப் பரிமாற வழியில்லை. மெனுவை மட்டும் குறைத்திருந்தால் அதே கூட்டம், அதே இரைச்சல், குறைந்த விற்பனை. மூன்றும் உண்மையில் ஒரே முடிவு. கடையை மூடாமல் ஒவ்வொன்றாகச் செய்திருந்தால் பாதியிலேயே மனம் மாறியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

திரும்பத் திறந்த கடையில் கார்ஹாப் நின்ற இடத்துக்குப் பதிலாக ஜன்னல்கள். வாடிக்கையாளர் இறங்கி வந்து தானே வாங்கிக்கொள்ள வேண்டும். தட்டுக்குப் பதில் காகிதப் பை, காகித உறை, காகிதக் கோப்பை. பாத்திரம் கழுவும் வேலையே இல்லை. மெனுவில் ஹாம்பர்கர், சீஸ்பர்கர், மூன்று சுவைகளில் குளிர்பானம், பால், காபி, சிப்ஸ், ஒரு துண்டு ‘பை’ (pie) என்ற இனிப்பு. முடிந்தது. குளிர்பானம் 12 அவுன்ஸ் என்ற ஒரே அளவில்தான். ஹாம்பர்கரில் கெட்சப், கடுகுச் சாந்து, வெங்காயம், இரண்டு துண்டு ஊறிய வெள்ளரி எல்லாம் முன்கூட்டியே முடிவானவை. வேறு மாதிரி வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும். விலை 30 சென்ட்டிலிருந்து 15 சென்ட்.

சமையலறையில் மூன்றடி கிரில் போய், ஆறடி கிரில் இரண்டு வந்தன. கெட்சப்பையும் கடுகுச் சாந்தையும் ஒரே அளவாகப் பீய்ச்சும் கருவியை உள்ளூர்ப் பட்டறைக்காரர் ஒருவர் செய்து கொடுத்தார். உணவகச் சாமான் செய்து அவருக்கு முன்அனுபவமே கிடையாது. கடைகளில் விற்ற கருவிகள் எல்லாம் பலவிதச் சமையலுக்கானவை. ஒரே பண்டத்தை வேகமாகச் செய்கிறவருக்கு அவை பொருந்தவில்லை. விட்ட பிறகு கிடைத்த நேரத்தையும் இடத்தையும் மிச்சம் என்று சும்மா வைத்திருக்காமல், இருக்கும் ஒன்றைக் கூர்மையாக்கப் பயன்படுத்தினார்கள். சில ஆண்டுகள் கழித்துப் புதிய கட்டடத்துக்குப் பெரிய சமையலறை திட்டமிட்டபோது, தங்கள் வீட்டு டென்னிஸ் மைதானத்தில் முழு அளவில் சாக்பீஸால் கோடு போட்டு, கடை மூடிய பிறகு பணியாளர்களை அழைத்துவந்து, இல்லாத கிரில்லில் இல்லாத ஹாம்பர்கரைப் புரட்டச் சொல்லி அவர்கள் கால் எங்கெல்லாம் போகிறது என்று பார்த்து அழித்து அழித்து வரைந்தார்கள். வரைபடத் தாளில் ஏற்றுவதற்குள் மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டது. மறுபடியும் வரைந்தார்கள்.

ஆள் வராத மாதங்கள்

டிசம்பரில் கடை திறந்தது. விற்பனை முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு விழுந்தது. பழைய வாடிக்கையாளர்கள் காரை நிறுத்தி ஹாரன் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், யாராவது வந்து கேட்பார்கள் என்று. வேலை இழந்த கார்ஹாப்கள் அந்தப் பக்கம் வரும்போது, ‘சீருடையைத் தயாராக வைத்திருக்கிறோம், எப்போது கூப்பிடுவீர்கள்?’ என்கிற மாதிரி கேலி செய்தார்கள்.

சிறு தொழிலில் எதையாவது விட்டுப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போவது இந்தக் கட்டத்தில்தான். விட்டதால் வரும் இழப்பு அன்றைக்கே கண்ணுக்குத் தெரியும். விட்டதால் வரும் நன்மை நிதானமாகத்தான் வரும், அதுவும் புது ஆட்களிடமிருந்து. பழைய வாடிக்கையாளர் முறையிடுவார். புது வாடிக்கையாளர் இன்னும் வரவே இல்லை, அவர் குரல் எப்படிக் கேட்கும்?

சகோதரர்கள் தாக்குப்பிடித்ததற்குத் தைரியம் மட்டும் காரணம் அல்ல. எட்டு ஆண்டுகள் நன்றாகச் சம்பாதித்திருந்தார்கள், கையில் இருப்பு இருந்தது. விற்பனை விழுந்தாலும் செலவும் பழைய அளவில் இல்லை. அதாவது நன்றாக நடக்கும்போதே விட்டார்கள். தொழில் படுத்த பிறகு, வேறு வழியில்லாமல் விடுகிறவருக்கு இந்த மூச்சுவிடும் இடைவெளி கிடைக்காது. அப்போது விடுவதற்குப் பெயர் சிக்கனம்; மாற்றம் வரும்வரை காத்திருக்கப் பணம் இருக்காது.

ஏறக்குறைய ஆறு மாதத்தில் நிலைமை திரும்பத் தொடங்கியது. வந்தவர்கள் வேறு ஆட்கள். 15 சென்ட்டுக்குச் சாப்பாடு என்றவுடன், குழந்தைகளை வெளியே அழைத்துப்போய்ச் சாப்பிட வைக்க அதுவரை வசதிப்படாத உழைக்கும் குடும்பங்கள் வந்தன. கண்ணாடிச் சுவர் வழியே சமையலறை முழுக்கத் தெரிந்ததால் பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள், தாங்களே ஜன்னலுக்கு வந்து காசு நீட்டினார்கள். முன்பு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவர்கள் இவர்கள்தான்.

1949-இல் மெனுவில் மாற்றமும் வந்தது. சிப்ஸ் போய் பிரெஞ்ச் ஃபிரைஸ் வந்தது, பை போய் மில்க்‌ஷேக் வந்தது. எண்ணிக்கையை ஏற்றாமல், ஒன்று வந்தால் ஒன்று போனது. வந்த இரண்டுக்கும் தட்டு தேவையில்லை, கரண்டி தேவையில்லை, ஜன்னல் வழியாகக் கொடுக்கலாம். மில்க்‌ஷேக் கலக்கும் இயந்திரத்தைச் சற்றுத் திருத்தி, உலோகக் குவளையில் கலந்து ஊற்றாமல் நேரடியாகக் காகிதக் கோப்பையிலேயே கலக்கும்படி செய்தார்கள். கழுவ வேண்டிய குவளையும் போயிற்று. தொழிலில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு இதைவிடத் தெளிவான ஒரு முன்மாதிரியை நான் பார்த்ததில்லை: விட்டவற்றில் எதையும் பின்வாசல் வழியாக அது திரும்பக் கூட்டிவரக் கூடாது.

1951-இல் விற்பனை 2,77,000 டாலர். மூடுவதற்கு முன்பு இருந்ததைவிட ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல், பாதி விலையில்! 1952-இல் ஒரு உணவகத் தொழில் இதழ் அட்டைப்படக் கட்டுரை போட்டது. எங்கிருந்தெல்லாமோ விசாரணைக் கடிதங்கள் வந்து குவிந்தன.

யார் விலை கொடுத்தார்கள்

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாகத் தாண்டிப்போகும் இடம் ஒன்று உண்டு. 20 பெண்கள் வேலை இழந்தார்கள். கடைக்கு அவர்கள் ‘உதவாத செயல்பாடு’, அவர்களுக்கு அது பிழைப்பு. சிறு தொழிலில் ஒரு வேலையை நிறுத்துவது என்பது பல நேரங்களில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகிய ஒருவரை நிறுத்துவது. அந்த ஆளை வேறு வேலைக்கு மாற்ற முடியுமா, எவ்வளவு முன்னதாகச் சொல்வது, கையில் என்ன கொடுத்து அனுப்புவது என்பதையும் சேர்த்துத் திட்டமிடாவிட்டால் அந்தக் கணக்கு முழுமை இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. எல்லாத் தொழிலுக்கும் இது பொருந்தாது. பல வகை ஒரே இடத்தில் கிடைப்பதற்காகவே ஆட்கள் வரும் தொழில் இருக்கிறது. அங்கே விற்காத பொருள்தான் விற்கும் பொருளை விற்றுக்கொடுக்கும். சான் பெர்னார்டினோவில் ஹாம்பர்கர் தன் காலிலேயே நின்றது. பார்பிக்யூவுக்காக வந்து ஹாம்பர்கர் வாங்கிப் போனவர்கள் அல்ல அந்த 80 சதவீதம். பில்லைப் பார்க்கும்போது எது எவ்வளவு விற்றது என்பதோடு, எது எதோடு சேர்ந்து விற்றது என்றும் பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

பழைய வாடிக்கையாளரை என்ன செய்வது

மெக்டொனால்ட் சகோதரர்கள் பழைய வாடிக்கையாளரிடம் கொஞ்சம் கடுமையாகவே நடந்தார்கள். ஹாரன் அடித்தவருக்குப் பதில் கிடையாது. உணவகத்தில் அது நடக்கும்; ஒரு வேளைச் சாப்பாட்டோடு உறவு முடிந்துவிடுகிறது. வாடிக்கையாளர் தன் அன்றாட வேலையையே நம் சேவையின் மேல் கட்டியிருந்தால்?

இதற்கு வேறொரு சிறு நிறுவனத்தைப் பார்க்கலாம். சிகாகோவின் 37சிக்னல்ஸ் 1999-இல் மற்றவர்களுக்கு வலைத்தளம் வடிவமைத்துத் தரும் நிறுவனமாகத் தொடங்கியது. தங்கள் வேலைகளை ஒழுங்குபடுத்த எழுதிய மென்பொருளை 2004-இல் பேஸ்கேம்ப் என்று வெளியிட்டார்கள். அது வளர, வடிவமைப்பு வேலையை விட்டார்கள். பிறகு ஹைரைஸ், கேம்ப்ஃபயர் என்று வேறு மென்பொருள்களும் சேர்ந்தன, அவையும் பணம் தந்தன. 2014 பிப்ரவரியில் ஒரு முடிவு: எல்லாவற்றையும் நன்றாகச் செய்ய ஏராளமான ஆட்களைச் சேர்க்க வேண்டும், நாங்கள் சிறிய நிறுவனமாகவே இருக்க விரும்புகிறோம், அதனால் இனி பேஸ்கேம்ப் ஒன்றுதான். நிறுவனத்தின் பெயரையே பேஸ்கேம்ப் என்று மாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் அன்றைக்கே எதையும் அணைத்துவிடவில்லை. ஹைரைஸைத் தனி நிறுவனமாகப் பிரித்து இன்னொருவர் பொறுப்பில் விட்டார்கள். அது 2018-இல் அவர்களிடமே திரும்பியபோது, புதிய வாடிக்கையாளரைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டு ஏற்கெனவே இருப்பவர்களுக்குச் சேவையைத் தொடர்ந்தார்கள். விடுவது என்றால் புதிதாக வளர்ப்பதை நிறுத்துவது, பராமரிப்பை ஏற்றுக்கொள்வது. இதற்கும் செலவு உண்டு. ஆனால் நம்மை நம்பி வந்தவரை நடுத்தெருவில் விட்ட நிறுவனம் என்ற பெயர் வந்தால் மிச்சம் இருக்கும் ஒரே பொருளையும் யாரும் நம்பி வாங்க மாட்டார்கள்.

இன்னொன்று: அதே நிறுவனம் 2020-இல் ஹே என்ற மின்னஞ்சல் சேவையைத் தொடங்கியது, 2022-இல் பழைய பெயருக்கே திரும்பியது. விட்டதைக் கொள்கையாக்கிக்கொண்டு அதற்கு அடிமையாகவும் இல்லை.

கணக்குப் பார்ப்பது எப்படி

இதைத் தன் தொழிலில் செய்து பார்க்க நினைப்பவருக்கு மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு பருவத்துக்கு மட்டுமல்ல, குறைந்தது ஓராண்டுக்கான பில்கள் வேண்டும். திருவிழாக் கூட்டத்தையோ மந்தமான மாதத்தையோ மட்டும் பார்த்தால் தப்பான படம் கிடைக்கும். செய்யும் வேலைகளை ஒரு பக்கம் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது கேட்கும் பொருள், இடம், ஆள், முதலாளியின் சொந்த நேரம் ஆகியவற்றை எழுத வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் யாரும் எழுதுவதில்லை. முதலாளி ராத்திரி உட்கார்ந்து செய்வதற்குக் கூலி இல்லை என்பதால் அது இலவசம் போலத் தெரிகிறது. ‘இதற்கு இவ்வளவு செலவழித்துவிட்டோமே’ என்ற வரி மட்டும் அந்தத் தாளில் வரக் கூடாது. பார்பிக்யூ அடுப்புக்குச் செலவழித்த பணம் 1948-இல் ஏற்கெனவே போய்விட்ட பணம்.

வளர்ச்சியையும் விட்டவர்கள்

கடை பிரபலமான பிறகு, கார்னேஷன் என்ற பெரிய பால்பொருள் நிறுவனம் தாங்கள் பணம் போடுகிறோம், கிளைகள் திறக்கலாம் என்று முன்வந்தது. சகோதரர்கள் மறுத்துவிட்டார்கள். ஊர் ஊராக அலைந்து இடம் பார்ப்பதும், தங்குமிடங்களில் படுப்பதும், மேலாளர்களைத் தேடுவதும் அவர்களுக்கு வேண்டாமாக இருந்தது. தங்கள் பெயரிலும் முறையிலும் மற்றவர்கள் கடை நடத்த உரிமம் விற்பதில் இறங்கினாலும் முழு மனதோடு இறங்கவில்லை. 1954-இல் மில்க்‌ஷேக் இயந்திரம் விற்கும் ரே க்ராக், ஒரே கடைக்கு எதற்கு இத்தனை இயந்திரங்கள் என்று பார்க்க வந்தார். மீதி ஊருக்குத் தெரிந்தது. 1961-இல் பெயரையும் முறையையும் அவருக்கு 27 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார்கள்.

ஏமாந்துவிட்டார்கள் என்றுதான் இதைப் பலரும் படிக்கிறார்கள். பணக் கணக்கில் மறுக்க முடியாது. பழைய கடையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள், ஆனால் பெயர் கையை விட்டுப் போய்விட்டது. ‘பிக் எம்’ என்று பலகையை மாற்றினார்கள், க்ராக் அருகிலேயே ஒரு கடை போட்டார், சில ஆண்டுகளில் பிக் எம் மூடப்பட்டது. ஒரு கடையைத் தாங்கி நிறுத்துவதில் பெயருக்கு எவ்வளவு பங்கு என்று அவர்கள் 1948-இல் போட்ட அளவு துல்லியமாகக் கணக்குப் போடவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் விற்றதற்காக டிக் வருந்தியதாகத் தெரியவில்லை. தொடர்ந்திருந்தால் ஏதோ ஒரு வானளாவிய கட்டடத்தில், நான்கு வயிற்றுப் புண்ணோடும் எட்டு வரி வழக்கறிஞர்களோடும் உட்கார்ந்திருப்பேன் என்று பிற்காலத்தில் சொன்னார். 1998-இல், 89 வயதில், சொந்த ஊரான மான்செஸ்டரில் காலமானார்.